மச்சான் சட்டி

தங்கமாரியின் பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பாளையம்பட்டியில் நான் டிராக்டர் சாமான் விற்கிறேன். அவன் டிராக்டரைப் பிரித்துப் போட்டு மாட்டுகிறான். என்னிடம் பெல்ட்டு, பேரிங்கு, நட்டு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவன் அனுப்பி வருகிறவர்கள். அதனால் அவனைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் பட்சபாதம் இருக்கலாம். ஆனால் அவன் மச்சினன் மாரிக்கண்ணனும் என் வாடிக்கைதான். அந்த வகையில் பட்சபாதம் ரெண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும்.

தங்கமாரிக்கு, கம்பெனிக்காரன் செய்து அனுப்பும் எந்தச் சாமானும் முடிந்த சாமான் இல்லை. புத்தம் புது டிராக்டரைச் சுற்றி வந்துவிட்டு, "பாதியில வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான் பாய்" என்பான். மீதிப் பாதியைத் தான் முடிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். ஒரு தடவை பழைய இரும்புக்கடையில் கிடைத்த பஸ் ஹாரனை ஒரு டிராக்டரில் மாட்டி அனுப்பினான். பாலவனத்தம் நிறுத்தத்துக்கு முந்தின வளைவில் அந்த டிராக்டர் ஹாரன் அடிக்க, நிழலில் உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் பையும் பிள்ளையுமாக ரோட்டுக்கு ஓடி வந்தது. வந்து நின்றது உர மூட்டை ஏற்றிய டிராக்டர். விருதுநகர் போகுமா என்று கேட்டபடியே ஒரு பெரியவர் ஏறிவிட்டாராம்.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. யுவராணி என்று பெயர் வைத்தார்கள். அவன் சம்சாரம் முருகலட்சுமி ஒரே நேரத்தில் மாவும் ஆட்டி, தொட்டிலும் ஆட்டிச் சிரமப்படுவதைப் பார்த்து, கிரைண்டரிலிருந்து தொட்டிலுக்கு ஒரு கம்பி கொடுத்தான். முதலில் பூசணிக்காயை வைத்துப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. பூசணிக்காய் சன்னல் வழியாக வெளியே போனது. முருகலட்சுமி கிரைண்டர் வயரைப் பிடுங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். இட்லி இல்லாமல் ரெண்டு நாள் கழிந்த பிறகுதான் வயர் திரும்பி வந்தது.

மாரிக்கண்ணன் அவளுடைய தம்பி. சொந்த டிராக்டர் வைத்துக்கொண்டு, திருச்சுழிப் பக்கமெல்லாம் போய் வாடகைக்கு உழுவான். தங்கமாரிக்குக் கை எப்படியோ, இவனுக்கு வாய் அப்படி. ஒரு பக்கம் உழுதுகொண்டே அடுத்த புஞ்சைக்காரரிடம் பேசி முடித்து, நாளைக்கும் வேலை பிடித்துவிடுவான்.

கோடை உழவின்போது எங்கள் கரிசல் காட்டில் கிளம்பும் புழுதியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி அவ்வளவு நைசாக இருக்கும். ஓட்டுகிறவன் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொள்வான். எஞ்சின் என்ன செய்யும்? மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகத்தான் அது மூச்சு விட வேண்டும். காற்றோடு புழுதியும் உள்ளே போய், ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். பிறகு எஞ்சின் கரும்புகையாகக் கக்கிக்கொண்டு, மேடேற முடியாத கிழட்டுக் கழுதை மாதிரி திணறும்.

அப்படி ஒரு கோடையில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரிக்கண்ணன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் புழுதி. சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"மனுசன் மூக்குல மயிரு இருக்கு. மாட்டு மூக்குலயும் இருக்கு. இந்த எஞ்சினுக்கு மட்டும் வெறும் ஓட்டைய வச்சு விட்டிருக்கான் மச்சான். காலையில இருந்து மூணு தடவ ஃபில்டரக் கழத்தித் தட்டிட்டேன். ஒரு சட்டியக் கவுத்தாவது விடணும்."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவி, திண்ணைக் காற்றில் படுத்துத் தூங்கிப் போனான். தங்கமாரி தூங்கவில்லை. அடுப்படிப் பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் சட்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டான். அது முருகலட்சுமிக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த சட்டி. அவள் பெயர் வெட்டியிருந்தது. அந்தப் பெயருக்கு நடுவில்தான் அவன் முதல் ஓட்டையைப் போட்டான்.

வெறும் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் புழுதி கீழ்வழியாகச் சுற்றிக்கொண்டு வரும் என்பது அவனுக்குத் தெரிந்தது. காற்றை உள்ளேயே சுழல விட்டால் என்ன என்று யோசித்தான். சுழன்றால் கனமான புழுதி ஓரத்துக்கு ஒதுங்கும், நடுவில் இருக்கிற நல்ல காற்றை எஞ்சின் குடித்துக்கொள்ளும். என்னிடம் வந்து தகரம் வாங்கி, வெட்டி, றெக்கை மாதிரி சாய்வாக உள்ளே பற்ற வைத்தான். மறுநாள் மாரிக்கண்ணன் டிராக்டரில் மாட்டினான்.

பாதிப் பகல் அருமையாக ஓடியது. ஓரத்துக்கு ஒதுங்கிய புழுதி வெளியே போக வழியில்லாமல் சட்டியே நிறைந்து, பிறகு எஞ்சின் நின்றேவிட்டது. மாரிக்கண்ணன் புஞ்சையில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வந்த சைக்கிள்காரரிடம் பழைய டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, வாத்து வாய் மாதிரி வெட்டி, சட்டியின் அடியில் ஓட்டை போட்டுச் செருகினான். எஞ்சின் வேகம் குறையும்போதெல்லாம் அந்த வாய் திறந்து புழுதியைத் துப்பியது. அன்று பொழுது சாயும் வரை ஃபில்டரைக் கழற்றவே இல்லை.

இதைக் கண்டுபிடித்தது யார் என்று பிற்பாடு என்னை எத்தனையோ பேர் கேட்டார்கள். கடையில் ஆள் நிற்கிறது, போக வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

டிராக்டர் மூக்கில் என்னடா இது என்று கேட்டவர்களிடமெல்லாம் மாரிக்கண்ணன், "எங்க மச்சான் செஞ்ச சட்டி" என்றான். அதனால் ஊரில் அதற்கு மச்சான் சட்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. அடுத்த கோடைக்குள் கரிசல் காட்டு டிராக்டர்களில் பாதிக்கு மேல் மச்சான் சட்டி ஏறிவிட்டது. தங்கமாரி பட்டறையில் வரிசை நின்றது. என் கடையில் தகரம் தீர்ந்தது. மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே தட்டில் வடை தின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து ராம்குமார் வந்தார். பேட்டண்ட் எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட். யாரோ டிராக்டரில் சட்டியைப் பார்த்துவிட்டு விசாரித்து வந்திருக்கிறார். தங்கமாரிக்கு அவர் சொன்ன சொல் முதலில் பட்டா என்றுதான் காதில் விழுந்தது.

"எந்த நெலத்துக்கு சார்?" என்றான்.

"நிலத்துக்கு இல்லைங்க. உங்க யோசனைக்கு. இது உங்களோடதுன்னு கவர்மெண்ட் எழுதிக் கொடுக்கும். நீங்க சொல்லாம வேற யாரும் செய்யக் கூடாது."

"அப்ப யோசனைக்குப் பட்டா."

"கிட்டத்தட்ட அதேதான்."

எங்கள் ஊரில் பட்டா என்றால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம். தங்கமாரியின் முகம் மாறிப்போனது. இதை வேறு யாராவது சேர்ந்து கண்டுபிடித்தார்களா என்று ராம்குமார் கேட்டார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் தங்கமாரி யோசித்தான். பிறகு, "இல்ல சார், நாந்தான்" என்றான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கைக்காரர்கள் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

விண்ணப்பம் போய், காலம் கழிந்து, அது பேட்டண்ட் ஆபீசின் பத்திரிகையில் வெளியாகிவிட்டது என்று ராம்குமார் போன் செய்தார். இன்னும் எதுவும் கிடைக்கவில்லை, வெளியாகத்தான் செய்திருக்கிறது என்று அவர் மூன்று தடவை சொன்னார். தங்கமாரிக்கு அந்த வித்தியாசம் ஏறவில்லை. மறுநாளே பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்துவிட்டான். 'கரிசல் மண்ணின் விஞ்ஞானி' என்று தலைப்பு. நடுவில் அவன், ஒரு கையில் சட்டி. வலது மூலையில் குலசாமி. இடது மூலையில் டிராக்டர். கீழே வழக்கம்போலப் பொடிப் பொடியாக ஒரு வரிசைப் படங்கள். அதில் நான் இருந்தேன். வெல்டிங் கேஸ் சப்ளை செய்கிறவர் இருந்தார். டீக்கடைக்காரர் இருந்தார். மாரிக்கண்ணன் இல்லை.

திருச்சுழியிலிருந்து வந்துகொண்டிருந்த மாரிக்கண்ணன் நடுரோட்டில் டிராக்டரை நிறுத்தி அதைப் பார்த்தான். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நேராக என் கடைக்கு வந்தான்.

"கூட்டுப் பட்டாவத் தனிப் பட்டாவா மாத்திட்டாரு பாய்."

"படம் கிடைச்சிருக்காது" என்றேன்.

"ஒங்க படம் எப்பிடிக் கெடச்சது?"

நான் சிரித்துக்கொண்டிருக்கும் படம் அது.

ஒரு வாரத்தில் எதிர்ப்பக்கம் இன்னொரு ஃபிளெக்ஸ் எழுந்தது. 'சட்டிக்கு வாய் தந்த வள்ளல்' என்று மாரிக்கண்ணன் நின்றான். அவன் கையில் சைக்கிள் டியூப். கீழ் வரிசையில் நான் மறுபடியும் சிரித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அதோடு மாரிக்கண்ணன் விடவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கும் காளீஸ்வரியிடம் போய், பேட்டண்ட் ஆபீசுக்கு எதிர்ப்பு மனு போட்டான். வக்கீல், ஏஜெண்ட் யாரும் வேண்டாம், எனக்கு வாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டான். மனுவோடு ஆதாரம் சேர்க்க வேண்டும் என்று காளீஸ்வரி சொன்னாள். எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அவன் கணக்கு. டிராக்டர் தலையில் சட்டி மாதிரி எது தெரிந்தாலும் எடுத்துத் தரச் சொன்னான். அவளும் தேடித் தேடி ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு வெளிநாட்டுப் படம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதே சட்டி, அதே றெக்கை, அடியில் அதே வாய். "வெளிநாட்டுக்காரனே இப்பிடித்தான் வச்சிருக்கான்னா, நான் வச்ச வாய் சரிதானே?" என்று என்னிடம் காட்டினான். அதைக் கட்டில் முதலாவதாக வைத்தான்.

ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அவனிடமிருந்து இவனுக்கும் இவனிடமிருந்து அவனுக்கும் நான்தான் சுவருக்கு மேலாகச் சேதி சொல்ல வேண்டியிருந்தது. மாரிக்கண்ணன் புதிதாக ஒரு வாதம் கண்டுபிடித்தான். சட்டி எங்கள் வீட்டுச் சீர், அதனால் சட்டியிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் சேரும் என்றான். இதை நான் கொண்டுபோய்ச் சொன்னபோது முருகலட்சுமி புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"சட்டி யாரோடது?" என்று கேட்டாள்.

"ஒன்னோடதுதான்" என்றான் தங்கமாரி.

"அப்ப எம் பேர்ல எழுதுங்க. ஓட்ட போடுறதுக்கு முன்னாடி யாரும் என்னையக் கேக்கல. நான் எந்த போர்டும் வச்சு ஒப்பாரி வைக்கல."

தங்கமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவளுக்கு இருந்த கவலை வேறு. யுவராணிக்கு மூன்று வயது ஆகிவிட்டது. பிள்ளை வேண்டும் என்று குலசாமிக்கு நேர்ந்துகொண்டவள் அவள். குலசாமி கோயில் திருச்சுழிக்கு அப்பால், குண்டாற்றுக்கு அந்தப்புறம், முள்மரம் அடர்ந்த உடங்காட்டுக்குள் இருக்கிறது. அங்கே வைத்து மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் இருப்பது ஒரே ஒருத்தன். பூசாரி குறி கேட்டுத் தேதி சொன்னார். அதே தேதிக்குத்தான், பேட்டண்ட் ஆபீசிலிருந்து, ரெண்டு தரப்பும் வீடியோவில் வந்து பேச வேண்டும் என்று தகவல் வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை, மழை பெய்துவிட்டது, விதைக்க வேண்டும் என்று மாரிக்கண்ணன் வாய்தா வாங்கியிருந்தான். இனி மாற்ற முடியாது என்று ராம்குமார் சொல்லிவிட்டார். சாமி தேதியை மாற்றச் சொல்லிப் பூசாரியிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

முருகலட்சுமி என் கடைக்கே வந்தாள். "எந் தம்பிகிட்டச் சொல்லுங்க பாய். எம் பிள்ளைக்கு மடி வேணும். மடிக்கு எந்த ஆபீசுலயும் மனு போடமாட்டேன்."

நான் போய்ச் சொன்னேன். மாரிக்கண்ணன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கேஸு வேற, மடி வேற பாய். சீரோட வாரேன்னு சொல்லுங்க. அவருகூடப் பேசமாட்டேன்னும் சொல்லுங்க."

சொன்னபடி காதுகுத்து அன்று கோயிலுக்கு வந்தான். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் நிறையச் சீர்த்தட்டும் சொந்தக்காரர்களும், முன்னால் கொட்டு மேளம். எஞ்சின் மூக்கில் மச்சான் சட்டிக்கும் ஒரு மாலை போட்டிருந்தான். தங்கமாரி அந்த மாலையைப் பார்த்தான். வாசலில் நின்று வரவேற்க வேண்டிய முறை அவனுக்கு. கை கூப்பினான், முகத்தை மட்டும் ஆற்றுப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான். என்னைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். எங்களுக்கென்று தனியாகக் கோழி வாங்கி, என்னையே அறுத்துக் கொடுக்கச் சொல்லி, வேறு அடுப்பில் ஏற்றியிருந்தாள் முருகலட்சுமி. அவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அந்த ஞாபகம் அவளுக்கு இருந்தது.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய யுவராணியை மாரிக்கண்ணன் மடியில் உட்கார வைத்தார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வது முழுவதும் அவள் வழியாகத்தான் நடந்தது.

"யுவராணி, ஒங்கப்பாவத் தட்ட எடுத்து வைக்கச் சொல்லு."

"யுவராணி, தட்டு ஒன் மாமன் காலுக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு."

ஆசாரி முதல் காதில் குத்தியதும் பிள்ளை வீரிட்டு, மாமன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது. ரெண்டாவது காது முடிந்த பிறகும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து ராம்குமார் என் போனுக்குக் கூப்பிட்டார். தங்கமாரி போனில் டவர் இல்லையாம், மாரிக்கண்ணனையும் ஆபீசில் தேடுகிறார்களாம், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆரம்பிக்கப் போகிறதாம்.

உடங்காட்டுக்குள் யார் போனிலும் டவர் எடுக்கவில்லை. என் போனில் மட்டும் ஒற்றைக் கோடு வந்து வந்து போனது. டிரெய்லர் மேல் ஏறி நின்று கையை உயர்த்தினால் நாலு கோடு வந்தது. ஆகவே எல்லோரும் டிரெய்லரில் ஏறினோம். நடுவில் போனைப் பிடித்தபடி நான். ஒரு பக்கம் மாலையோடு தங்கமாரி. இன்னொரு பக்கம் மாலையோடு மாரிக்கண்ணன், அவன் இடுப்பில் மொட்டைத் தலையோடு யுவராணி. பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த ரேடியோ செட்டை நிறுத்தச் சொல்லிக் கீழே கூவினேன்.

திரையில் ஒரு பாதியில் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி போட்டவர், பொறுமையான முகம். இன்னொரு பாதியில் மதுரையில் காதுக்கு மேல் கருவி மாட்டிக்கொண்டு ராம்குமார்.

"விண்ணப்பதாரர் இருக்கிறாரா?" என்றார் அதிகாரி.

"இருக்கேன்மா" என்றான் தங்கமாரி.

"எதிர்ப்பு மனு கொடுத்தவர்?"

"நானும் இருக்கேன்மா" என்று மாரிக்கண்ணன் அவனை இடித்துக்கொண்டு தலையை நீட்டினான்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டு தரப்பும் ஒரே இடத்திலிருந்தா பேசுறீங்க?"

"ஒரே டிரெய்லர்ல இருந்தும்மா. இங்கதான் டவர் எடுக்குது."

"போனைப் பிடித்திருப்பவர் யார்?"

"எங்க சாட்சிம்மா" என்றார்கள் ரெண்டு பேரும் ஒரே குரலில்.

"யார் தரப்புச் சாட்சி?"

"எங்க தரப்பு" என்றார்கள் மறுபடியும் ஒரே குரலில். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"அந்தக் குழந்தை?"

"எங்க அக்கா மகம்மா" என்றான் மாரிக்கண்ணன்.

"எம் மகம்மா" என்றான் தங்கமாரி.

"இதிலும் தகராறா?" என்று கேட்டார் அதிகாரி. முகத்தில் சிரிப்பு இல்லை.

விசாரணை ஆரம்பித்தது. ராம்குமார் சட்டியைப் பற்றி அழகாக எடுத்துச் சொன்னார். நானே தினமும் பார்க்கிற சட்டி, அவர் சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்புறம் மாரிக்கண்ணன் முறை. சட்டி என்று முதலில் சொன்னது தான், வாய் வெட்டியது தான், சட்டியே தங்கள் வீட்டுச் சீர் என்று, ஆடு கத்துகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னான். அதிகாரி முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு படத்தைத் திரையில் காட்டினார்.

"நீங்கள் கொடுத்த ஆதாரங்களில் இதுதான் முதலில் இருக்கிறது. இதில் இருப்பது என்ன?"

மாரிக்கண்ணனுக்கு முகமெல்லாம் பல். "நம்ம சட்டிதாம்மா. அச்சு அசல். றெக்க, வாய் எல்லாம் அப்பிடியே இருக்கு பாருங்க."

"எந்த வித்தியாசமும் இல்லை என்கிறீர்களா?"

"ஒரு வித்தியாசமும் கெடையாதும்மா."

"இது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒருவர் பதிவு செய்தது."

கீழே கிடா ஒன்று தும்மியது. மாரிக்கண்ணன் என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன்.

ராம்குமார் அவசரமாகக் குறுக்கிட்டார். "மேடம், எங்கள் சட்டியில் முக்கியமான வித்தியாசங்கள் இருக்கு. என் கட்சிக்காரரே சொல்வார். தங்கமாரி, படத்தை நல்லாப் பாருங்க. வித்தியாசத்தைச் சொல்லுங்க. வித்தியாசத்தை."

தங்கமாரி என் கையிலிருந்து போனை வாங்கினான். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். விரலால் படத்தைப் பெரிதாக்கி, றெக்கையின் அடியில் ரொம்ப நேரம் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளே பார்ப்பானே, அதே முகம்.

"நல்லாச் செஞ்சிருக்காரும்மா" என்றான் மெதுவாக. "றெக்கைய என்னையவிடச் சாய்வா வச்சிருக்காரு. என் சட்டியில மேல போறப்ப காத்து தட்டி நிக்கும், கொஞ்சம் இரையும். இதுல தட்டாது. இது எனக்குத் தோணாமப் போச்சே."

மதுரையில் ராம்குமார் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

அதிகாரி படத்தைத் திரையிலிருந்து எடுத்தார். "முடிவை எழுத்தில் அனுப்புவோம். ஆனால் ரெண்டு தரப்பும் இதே பொருள் என்று ஒப்புக்கொண்ட பிறகு, இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்வது கஷ்டம்."

"அப்ப நான் ஜெயிச்சிட்டேனாம்மா?" என்றான் மாரிக்கண்ணன்.

"உங்கள் எதிர்ப்பு ஜெயிக்கலாம். அதனால் சட்டி உங்களுக்குச் சொந்தம் ஆகாது."

"பெறகு அந்த வெள்ளைக்காரருக்கா?"

"அவருடைய உரிமைக்குக் காலம் முடிந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இனி இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்."

"யாருன்னாலுமா?"

"யார் என்றாலும்."

தங்கமாரி தலையை ஆட்டினான். "புறம்போக்கு" என்றான்.

அப்போதுதான் அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "அப்படியும் சொல்லலாம். குழந்தைக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திரை கறுத்தது.

ரெண்டு பேரும் டிரெய்லர் பலகையில் உட்கார்ந்தார்கள். யுவராணி தூங்கிப்போயிருந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மாரிக்கண்ணன் மச்சானிடம் நேராகப் பேசினான்.

"அந்த வெள்ளைக்காரன் நம்ம பக்கம் வந்திருக்கவே மாட்டான்ல மச்சான்?"

"வந்திருக்க மாட்டான். அவன் ஊருலயும் புழுதி இருக்கும் மாப்ள. அவனும் யாருக்காச்சும் உழுதிருப்பான்."

"அவனுக்கும் ஒரு மச்சினன் இருந்திருப்பானோ?"

"இருந்திருப்பான். அந்த வாய அவந்தான் வெட்டிருப்பான்."

மாரிக்கண்ணன் பிள்ளையின் காதில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தான். கீழே முருகலட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ரெண்டு பேருல யாருக்கு ஜெயிச்சது?"

"செத்துப்போன ஒருத்தருக்கு" என்றேன் நான்.

"அவுகளுக்கும் எலை போடணுமா? எறங்குங்க, சோறு ஆறுது."

பந்தியில் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தார்கள். வேறு இடம் காலியாக இல்லை என்பது ஒரு காரணம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்ற தகவல் பிற்பாடு வந்து சேர்ந்தது. தங்கமாரி அன்றைக்குப் பட்டறையைத் திறக்கவில்லை. சாயங்காலம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். சும்மா ஒரு பேரிங்கை எடுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"எங்கய்யா கடைசி வரைக்கும் அடுத்தவன் நெலத்துலதான் வாரத்துக்கு உழுதாரு பாய். அவரு பேருல ஒரு குறுக்கம் நெலம் கெடையாது. எம் பேருல ஏதாச்சும் ஒன்னு இருக்கும்னு நெனச்சேன். காத்துல சுத்துற புழுதிதானே, அதுக்குக்கூட முன்னாடியே ஆள் வந்திருக்கான்."

டீ சொன்னேன். குடித்துவிட்டுப் போனான்.

ஃபிளெக்ஸை அவனே போய் அவிழ்த்தான். நல்ல கெட்டித் துணி என்று முருகலட்சுமி அதை மொட்டை மாடியில் விரித்து மக்காச்சோளம் காயப்போட்டாள். விஞ்ஞானியின் மூக்குமேல் கோழிகள் ஏறிக் கொத்தின. மாரிக்கண்ணனின் ஃபிளெக்ஸை ஆடிக் காற்று கொண்டுபோய்விட்டது, எந்த ஊரில் வள்ளலாக நிற்கிறானோ தெரியாது. இப்போது அருப்புக்கோட்டை, விருதுநகர் என்று எல்லாப் பட்டறையிலும் மச்சான் சட்டி செய்கிறார்கள். செய்கிறவர்கள் யாருக்கும் எந்த மச்சான் என்று தெரியாது.

தங்கமாரி மட்டும் காளீஸ்வரியிடம் போய் அந்த வெளிநாட்டுப் படத்தைப் பெரிதாக எடுத்து வந்தான். பட்டறைச் சுவரில் ஒட்டி, ஒரு மாதம் அதன் முன்னால் நின்றான். றெக்கையின் சாய்வை மாற்றினான். புதுச் சட்டியை முதலில் மாரிக்கண்ணன் டிராக்டரில்தான் மாட்டினான். மாரிக்கண்ணன் ஒரு வாரம் உழுதுவிட்டு வந்து, ஃபில்டரைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தங்கமாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரலால் தடவி, விரலையும் பார்த்தான்.

"இரையுதா?"

"இல்ல மச்சான். எஞ்சின் ஓடுதா இல்லையான்னு ரெண்டு தடவ எறங்கிப் பாத்தேன்."

ராம்குமார் இன்னும் அவ்வப்போது போன் செய்து, புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்றுதான் ரெண்டு பேரும் சொல்கிறார்கள். நேற்று மத்தியானம் மாரிக்கண்ணன் கடைக்கு வந்து, நீளமான சைக்கிள் செயின் ஒன்றும் ரெண்டு சின்னப் பல் சக்கரமும் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி எடுத்துப் போனான். அவன் டிராக்டர் சத்தம் அடங்குவதற்குள் தங்கமாரி சுவருக்கு மேல் தலையை நீட்டி, "பாய், அவன் என்ன வாங்கிட்டுப் போறான்?" என்றான்.